பிரைமர் ஏன் அடம் பிடிக்கிறது?

.303 தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம் தெரியும். வெளியே தடித்த விளிம்பு. நடுவில், சுடுஊசி வந்து குத்தும் சிறு உலோகப் பொட்டு. அதன் பெயர் பிரைமர். விளிம்புக்கும் பொட்டுக்கும் நடுவே செய்த ஆலையின் எழுத்து, ஆண்டு, ரகம் எல்லாம் பொறித்திருக்கும். சாதாரண காலாட்படைத் தோட்டா என்றால் பொட்டைச் சுற்றி ஊதா நிற அரக்கு பூசியிருப்பார்கள். இவ்வளவும் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். படாதது ஒன்று உண்டு. பல ஆலைகளின் தோட்டாக்களில், பொட்டை ஒட்டினாற்போல் பித்தளையைச் சுற்றிவர அழுத்தி நெரித்த மெல்லிய வளையத் தடம் இருக்கும். நகத்தை வைத்துத் தடவினால்தான் தட்டுப்படும்.

மலேசியாவின் குளுவாங் வட்டாரத்துக்கு இந்தத் தோட்டா புதிதல்ல. 1942 ஜனவரி கடைசியில், ஜப்பானியப் படை ஜொகூரில் தெற்கு நோக்கி இறங்கிவந்தபோது, ஊருக்கு வடக்கே நியோர் பக்கம் 5/11 சீக்கியப் படையணி அதை எதிர்த்து நின்றது. அவர்கள் தோளில் இருந்தது .303 லீ என்ஃபீல்டு. 1948ல் ஆங்கிலேய ஆட்சி கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் அறிவித்தபின் அதே ரகத் துப்பாக்கிகள் ரப்பர் தோட்டங்களின் காவலர்கள் கைக்கு வந்தன. பாலோ, குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் லயத்தைச் சுற்றி முள்வேலி ஏறிய காலம் அது.

ராணுவத்துக்கு வேலை முடிந்ததும் அந்தக் கூடு வெறும் பித்தளை. உலகின் இன்னொரு மூலையில் அது மூலப்பொருள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், சுட்ட கூட்டை எடுத்து, பழைய பிரைமரைத் தட்டி நீக்கி, புது பிரைமர் பொருத்தி, மருந்து நிரப்பி, முனையில் குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவது சட்டத்துக்கு உட்பட்ட வீட்டுப் பொழுதுபோக்கு. செலவு குறையும் என்பார்கள். தன் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் குறி தவறாமல் பாயும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியக் காரணம். அந்த மேசைகளில் நாள்தோறும் எழும் புலம்பல் ஒன்று உண்டு. எல்லாம் ஒழுங்காகப் போகிறது, பிரைமர் மட்டும் குழிக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. நெம்புகோலைக் கொஞ்சம் அழுத்தினால் பாதியில் நிற்கிறது. இன்னும் அழுத்தினால் நசுங்குகிறது. நசுங்குவது வெடிபொருள் என்பதால், புலம்பலோடு பயமும் சேர்ந்துகொள்கிறது.

மலேசியாவில் இந்தப் புலம்பலுக்கே இடமில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டாவைச் செய்ய மட்டுமல்ல, வைத்திருக்கவே உரிமம் வேண்டும். பழத்தோட்டத்தில் காட்டுப்பன்றியை விரட்ட ‘செனாப்பாங் பாத்தா’ துப்பாக்கி வைத்திருப்பவரும் உரிமம் பெற்று, கடையில் தோட்டா வாங்கி, கணக்கோடுதான் சுட முடியும். ஆகவே இது செய்துபார்க்கும் விஷயமல்ல. ஆனால் அரை சென்டிமீட்டர் அகலமுள்ள பொட்டு ஏன் இப்படி அடம் பிடிக்கிறது என்று கேட்டுப் போனால், உலோகவியலும் வேதியியலும் மூன்று நூற்றாண்டுப் போர்களும் அந்தச் சிறு குழிக்குள் அடைந்து கிடப்பது தெரியவரும்.

தீபாவளிக்குக் கேப் துப்பாக்கி வெடித்த பிள்ளைக்குப் பிரைமரின் தத்துவம் ஏற்கெனவே தெரியும். இரண்டு கடினமான பரப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மருந்து, அடி விழுந்ததும் வெடிக்கிறது. பிரைமரிலும் அதே கதைதான். ஒரு சிறு உலோகக் கிண்ணம். அதன் அடியில் அடியுணரும் வெடிக்கலவை. அதற்குமேல் மூன்று கால்களோ இரண்டு கால்களோ உள்ள குட்டிப் பட்டடைக்கல். சுடுஊசி கிண்ணத்தின் முதுகில் குத்தும்போது கலவை பட்டடைக்கல்லில் மோதி நசுங்கி வெடிக்கிறது. தீ, குழியின் நடுவிலுள்ள துளை வழியாகக் கூட்டுக்குள் பாய்ந்து முக்கிய மருந்தைப் பற்றவைக்கிறது. பட்டடைக்கல் இல்லாவிட்டால் ஊசி வெறுமனே பள்ளம் போட்டுவிட்டுப் போகும்.

அடித்தால் வெடிக்கும் பொருளை 1800ல் எட்வர்டு சார்ல்ஸ் ஹோவர்டு என்ற ஆங்கிலேய வேதியியலர் விவரமாக எழுதிவைத்தார். அது பாதரச ஃபுல்மினேட். அதைத் துப்பாக்கியோடு இணைக்கத் தோன்றியதோ ஒரு பாதிரியாருக்கு. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் திருச்சபையைக் கவனித்துவந்த அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத், வேட்டைப் பிரியர். அக்காலச் சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் வெளியே ஒரு சுடர் எழும், சற்றுத் தாமதித்துத்தான் குண்டு கிளம்பும். அந்த இடைவெளியில் நீர்ப்பறவைகள் பறந்துவிடும். எரிச்சலுற்ற பாதிரியார் சுடரையே ஒழிக்க வழி தேடி, 1807ல் காப்புரிமை பெற்றார். பிரசங்கத்துக்கும் வாத்து வேட்டைக்கும் நடுவே பிறந்த அந்த யோசனைதான் அடுத்த நூறாண்டில் உலகப் படைகள் எல்லாவற்றையும் மாற்றியது.

முதலில் வந்த, வெடிக்கலவை வைத்த செம்புத் தொப்பிகள் தோட்டாவோடு சேர்ந்தவை அல்ல. வீரன் காகிதத் தோட்டாவைக் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைத் தள்ளி, பின்பு தொப்பியைத் தனியே எடுத்துத் துப்பாக்கியின் காம்பில் செருக வேண்டும். 1857ல் இந்தியச் சிப்பாய்கள் கடிக்க மறுத்த என்ஃபீல்டு தோட்டா அந்த வகைதான். தமிழ்நாட்டில் நரிக்குறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியிலும் மருந்து வேறு, கேப்பு வேறுதான்.

இரண்டையும் ஒரே உலோகக் கூட்டுக்குள் அடக்கிய பின்தான் ‘குழி’ என்ற ஒன்று வந்தது, அதோடு அளவுப் பிரச்சினையும் வந்தது. 1866ல் இரண்டு பேர் இரண்டு வழி கண்டார்கள். லண்டனுக்கு அருகே வுல்லிச்சில் அரச ஆய்வகத்தை நடத்திய எட்வர்டு பாக்ஸர், பட்டடைக்கல்லைப் பிரைமருக்குள்ளேயே வைத்தார். அமெரிக்கரான ஹைரம் பெர்டன், பட்டடைக்கல்லைக் கூட்டின் குழியிலேயே ஒரு புடைப்பாகச் செய்து, தீ போக அதன் இருபுறமும் இரண்டு சிறு துளைகள் போட்டார். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரின் முறையை அமெரிக்கர்கள் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்கரின் முறை ஐரோப்பாவுக்கும் பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் போய்ச் சேர்ந்தது. நியோரில் சுட்ட .303 பெர்டன் வகை.

வீட்டில் தோட்டா நிரப்புகிறவருக்கு இந்த வித்தியாசம் வாழ்வா சாவா என்ற அளவுக்குப் பெரிது. பாக்ஸர் கூட்டில் துளை நடுவில் இருப்பதால் மெல்லிய ஊசியை உள்ளிருந்து தள்ளினால் பழைய பிரைமர் கழன்று விழும். பெர்டன் கூட்டில் அதே ஊசி நடுப் புடைப்பில் முட்டி ஒடியும். கொக்கியால் நெம்ப வேண்டும், அல்லது கூட்டில் தண்ணீர் நிரப்பி மேலிருந்து அடித்து நீரழுத்தத்தால் பிதுக்க வேண்டும். பெரும்பாலோர் அந்தத் தொல்லையே வேண்டாமென்று பெர்டன் கூடுகளை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

சரி, கையில் இருப்பது பாக்ஸர் கூடுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏன் இறங்குவதில்லை?

முதலில் அளவைப் பார்க்கலாம். பெரிய ரைஃபிள் பிரைமரின் விட்டம் சுமார் 5.35 மில்லிமீட்டர். அது உட்கார வேண்டிய குழியின் விட்டமோ 5.30 முதல் 5.33 வரை. பொருள் பெரிது, துளை சிறிது. வேண்டுமென்றே வைத்த வித்தியாசம் இது. ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளே ஆன இந்த மிகுதி, ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் அடங்கிவிடும். பிரைமரின் மெல்லிய கிண்ணம் சற்றே ஒடுங்கி, குழியின் சுவர் சற்றே விரிந்து, இரண்டும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. பசை இல்லை, திருகு இல்லை. வாயு பின்பக்கம் கசியாமல் காப்பதும், பிரைமர் தானாகக் கழலாமல் பிடிப்பதும் இந்த அழுத்தம் ஒன்றுதான். ஆக, பிரைமர் ஓரளவு முரண்டு பிடித்துக்கொண்டு இறங்குவது நோயல்ல. கையில் அந்த எதிர்ப்பே தெரியாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

பழகியவர்கள் இதைக் கையால் உணர்கிறார்கள். மேசைமேல் பொருத்திய பெரிய பிரஸ்ஸில் நெம்புகோல் நீளம். சின்ன அழுத்தம்கூடப் பெரிய விசையாகிவிடும், விரலுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் பலர் பிரைமர் பொருத்த மட்டும் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கருவியை வைத்துக்கொள்கிறார்கள். முதலில் மெல்லிய தடை, பின் ஒரே சீரான இறக்கம், கடைசியில் பட்டடைக்கல்லின் கால்கள் குழியின் தரையைத் தொடும்போது திட்டவட்டமான நிறுத்தம். இந்த மூன்றும் வரிசையாக வந்தால் சரி. முதல் தடையிலேயே நின்றுவிட்டால், வேறு ஏதோ குறுக்கே நிற்கிறது.

அந்த ‘வேறு ஏதோ’, பத்தில் எத்தனையோ முறை, இந்தக் கட்டுரை தொடங்கிய இடத்தில் சொன்ன வளையத் தடம்தான்.

ராணுவத் தோட்டாவில் பிரைமரை உட்கார வைத்ததோடு ஆலை நிறுத்துவதில்லை. குழியின் வாய் விளிம்பை எஃகு அச்சால் அழுத்தி உள்நோக்கி நெரிக்கிறது. சில ஆலைகள் முழு வளையமாக நெரிக்கும், சில மூன்று இடங்களில் மட்டும் குத்திவிடும். பிரைமருக்குமேல் பித்தளை உதடு ஒன்று மடிந்துகொள்கிறது. சுட்டபின் பழைய பிரைமரை உள்ளிருந்து தள்ளினால், கொஞ்சம் முரண்டுபிடித்தாவது வெளியே வந்துவிடும். உதடு மட்டும் அங்கேயே இருக்கும். வெளியிலிருந்து வரும் புது பிரைமர் நேராகப் போய் அதன்மேல் முட்டி, ஒரு பக்கம் மடிந்து நசுங்குகிறது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். .223 ரெமிங்டன் என்ற பரவலான தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு, அதாவது சுமார் 379 மெகாபாஸ்கல். அதன் சிறு பிரைமரின் விட்டம் ஏறக்குறைய 4.45 மில்லிமீட்டர், பரப்பு பதினைந்தரைச் சதுர மில்லிமீட்டர். பெருக்கினால் அந்தப் பொட்டைப் பின்னோக்கித் தள்ளும் விசை, ஏறத்தாழ 600 கிலோ எடைக்குச் சமம். மில்லி வினாடிக் கணக்கில் வந்துபோகும் விசைதான், ஆனாலும் 600 கிலோ. வெடித்த கணத்தில் பிரைமர் உண்மையிலேயே பின்னால் நழுவி, பின்னிருக்கும் எஃகு முகத்தில் மோதுகிறது. அடுத்த கணம் கூடும் பின்னால் வந்து மோதி, நழுவிய பிரைமரை மறுபடி தன் குழிக்குள் வாங்கிக்கொள்கிறது. போல்ட்டைக் கையால் இழுக்கும் துப்பாக்கியில் அப்புறம் எல்லாம் அடங்கியபின்தான் கூடு வெளியே வரும். இயந்திரத் துப்பாக்கியிலோ அழுத்தம் முழுக்கத் தணியுமுன்னே கூட்டை உருவி எறிய இயந்திரம் அவசரப்படுகிறது. அப்போது கழன்று விழும் ஒரு பிரைமர், நகரும் பாகங்களுக்கு நடுவே சிக்கினால் போதும், எதிரி முன்னால் துப்பாக்கி வாயடைத்துப் போகும். அந்த ஆபத்துக்குத்தான் பித்தளை உதடு. மறுபடி நிரப்புவதைப் பற்றி ராணுவத்துக்கு என்ன கவலை?

எந்தக் கூட்டில் இந்த உதடு இருக்கும் என்று கண்டுபிடிக்க நல்ல அடையாளம் ஒன்று உண்டு. நேட்டோ தரத்துக்குச் செய்த தோட்டாவின் அடியில், வட்டத்துக்குள் கூட்டல்குறி போட்ட சிறு முத்திரை இருக்கும். அதைப் பார்த்தாலே அனுபவசாலி தனியாக எடுத்து வைத்துவிடுவார். 2020ல் கொரோனாவோடு அமெரிக்காவில் தோட்டாக்களுக்கும் பிரைமர்களுக்கும் பெரும் தட்டுப்பாடு வந்தபோது, கிடைத்த கூட்டையெல்லாம் பொறுக்கிக் கிடைத்த பிரைமரைத் திணிக்கப் பார்த்த புதியவர்கள் பலரும் இந்த முத்திரையில்தான் இடறினார்கள்.

தீர்வு இரண்டு விதம். ஒன்று, கடினமான எஃகுக் குமிழைக் குழிக்குள் அழுத்தி, உள்நோக்கி மடிந்த பித்தளையை வெளிப்பக்கமாகத் தள்ளிவிடுவது. இதில் உலோகம் குறைவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மற்றொன்று, கூம்புவடிவ வெட்டுக்கருவியால் உதட்டைச் சுரண்டி எடுப்பது. இது சுலபம், விலை குறைவு. இரண்டு சுற்று கூடிப்போனால் குழியின் வாயே அகண்டுபோய் வாயு கசிய வழி கிடைத்துவிடும் என்பது இதன் குறை. சுரண்டுகிறவர்களைவிடத் தள்ளுகிறவர்கள் பக்கம் நிற்பதே புத்திசாலித்தனம் என்று படுகிறது. பித்தளையை வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது.

மற்றக் காரணங்கள் இவ்வளவு சுவாரசியமானவை அல்ல. முந்திய வெடிப்பின் கரி குழியின் தரையில் படிந்திருக்கலாம். தூரிகையால் தேய்த்தால் போகும். பெரிய பிரைமரைச் சிறு குழிக்குள் திணிக்கப் பார்க்கலாம். நம்ப முடியாது, ஆனால் நடக்கும்: பின்லாந்தின் லாபுவா நிறுவனம் .308 தோட்டாவுக்கே சிறு குழியுள்ள கூடும் செய்கிறது, .45 கைத்துப்பாக்கித் தோட்டாவிலும் இருவகைக் குழிகள் சந்தையில் கலந்து கிடக்கின்றன. கூட்டைப் பிடிக்கும் தாங்கி சற்றுத் தள்ளியிருந்தால் பிரைமர் சாய்வாக ஏறும். நாட்டுக்கு நாடு, ஆலைக்கு ஆலை பிரைமரின் விட்டம் ஒரு இழை கூடக்குறைய இருக்கும்.

இறங்காத பிரைமரை அப்படியே விட்டுவிட்டால் என்ன? கூட்டின் அடிமட்டத்தைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பிரைமரால் இரண்டு எதிரெதிர்ச் சிக்கல்கள் வரும். ஒன்று, வெடிக்காமல் போவது: ஊசியின் அடி பிரைமரைக் குழிக்குள் தள்ளுவதிலேயே செலவாகிவிடும், நசுக்க மிச்சமிருக்காது. மற்றது, வேண்டாத நேரத்தில் வெடிப்பது. இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க எம்-1 காரண்டு போன்ற துப்பாக்கிகளில் சுடுஊசிக்கு வில் கிடையாது. போல்ட்டு பாய்ந்து மூடும்போது ஊசி தன் வேகத்தாலேயே முன்னால் போய்ப் பிரைமரை மெல்லத் தொடும். எம்-16 துப்பாக்கியில் ஏற்றிவிட்டுச் சுடாமலே வெளியே எடுத்த தோட்டாவின் பிரைமரை உற்றுப் பார்த்தால், நடுவில் ஊசிமுனை பட்ட நுண்ணிய புள்ளி தெரியும். ஒழுங்காக உட்கார்ந்த பிரைமருக்கு அந்தத் தொடுதல் ஒன்றுமில்லை. துருத்திய பிரைமருக்கு, கதவு முழுதாகப் பூட்டுமுன்னே அதுவே வேட்டாகிவிடலாம். அதனால்தான் பிரைமர் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை உள்ளடங்கி இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆள்காட்டி விரலை அடிமேல் ஓட்டிப் பார்ப்பதுதான் இன்றுவரை முதல் சோதனை. நசுங்கிய உயிருள்ள பிரைமரை ஓங்கித் தட்டக் கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்த வேலையில் உட்காரக் கூடாது என்பவை இதை நன்கு அறிந்தவர்களின் விதிகள்.

குழி ஒரு பக்கம் இருக்க, அதைச் சுமக்கும் பித்தளைக்கும் தனிக் கதை உண்டு. அது நம் மழைக்காலத்தோடு சம்பந்தப்பட்டது.

தோட்டாக் கூடு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. வட்டத் தகட்டைக் கிண்ணமாக்கி, அதை மீண்டும் மீண்டும் இழுத்து நீட்டி, நடுநடுவே சூடேற்றித் தளர்த்தி, கடைசியில் கழுத்தை ஒடுக்கிச் செய்கிறார்கள். இழுக்கும்போதும் ஒடுக்கும்போதும் உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் கிடங்கிலிருந்த தோட்டாக்களின் கழுத்து தானாகவே வெடித்துப் பிளந்தது. யாரும் சுடவில்லை, கீழே போடவில்லை. ஆங்கிலேயர்கள் அதற்குப் பருவ வெடிப்பு என்று பெயர் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்கள். 1921ல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் காரணத்தைச் சொன்னார்கள். குதிரை லாயங்களின் அருகே வைத்திருந்த தோட்டாக்களை, சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து தாக்கியிருக்கிறது. அம்மோனியாவும் ஈரமும் மட்டும் இருந்தால் பித்தளை மெல்ல அரிக்கும். உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்தால் படிகங்களின் எல்லை வழியே ஆழமாகப் பிளக்கும். கழுத்தை மறுபடி இளஞ்சூட்டில் பதமாக்கினால் இறுக்கம் போய்விடும். இன்றைய ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலமும் பழுப்பும் கலந்த சாயல் அழுக்கல்ல, அந்தப் பதத்தின் தடம்.

குளுவாங் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு அம்மோனியாவின் நெடி நன்றாகத் தெரியும். ரப்பர் பால் உறையாமலிருக்கச் சேர்ப்பது அதைத்தானே. செம்பு பட்டால் ரப்பர் கெடும், அம்மோனியா பட்டால் பித்தளை கெடும். அந்தப் பால் கொட்டகையில் இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாத சரக்கு.

பிரைமரின் கலவையும் இப்படிப்பட்ட கெடுதல்களால்தான் அடிக்கடி மாறியது. பாதரச ஃபுல்மினேட் வெடித்தபின் மிஞ்சும் பாதரசம் பித்தளையோடு கலந்து அதை நொறுங்கவைத்தது. அந்தக் கூட்டை மறுபடி நிரப்புவது அபாயம். அடுத்து வந்த பொட்டாசியம் குளோரேட் கலவை, கூட்டை விட்டுவிட்டுக் குழலைப் பிடித்துக்கொண்டது. குளோரேட் வெடித்தால் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். அது கிட்டத்தட்ட சமையலுப்பின் உறவு. காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரவோடு இரவாக எஃகைத் துருவாக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டு முடித்ததும் புனல் வைத்துக் குழலில் கொதிநீர் ஊற்றினார்கள். காட்டின் ஈரத்தில் இதை ஒரு நாள் மறந்தாலும் துப்பாக்கி காட்டிக்கொடுத்துவிடும். 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் சினாக்ஸிட் என்ற ஈய ஸ்டிஃப்னேட் கலவை வந்து துருத் தொல்லையை ஒழித்தது. பதிலுக்கு உள்ளரங்கச் சுடுதளங்களின் காற்றில் ஈயத்தைக் கலந்துவிட்டது. இப்போது ஈயமில்லாத கலவைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தோட்டாவின் பிற பாகங்களில் தமிழர் கைபட்ட வரலாறும் உண்டு. இந்தியப் படைகளுக்கான .303 தோட்டாக்களைப் புனேக்கு அருகே கட்கியில் 1869ல் எழுந்த ஆலை செய்தது. அக்காலத் தோட்டாவின் மருந்தான கார்டைட்டைச் செய்ய நீலகிரியில், குன்னூருக்கு மேலே அருவங்காட்டில் 1900களின் தொடக்கத்தில் ஓர் ஆலை அமைந்தது. ஊட்டி மலை ரயிலில் போகிறவர்கள் இன்றும் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகிறார்கள். மலேசியாவில் ராணுவத் தோட்டா செய்யும் எஸ்.எம்.இ. ஆர்ட்னன்ஸ் ஆலை, பழைய நிலக்கரி ஊரான சிலாங்கூர் பத்து அராங்கில் இருக்கிறது.

வீட்டில் செய்யும் பேச்சை இங்கே சட்டம் ஏன் சகிப்பதில்லை என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அவசரகால விதிகளின்படி உரிமமில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்கே மரண தண்டனை விதிக்கலாம் என்றிருந்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதி மீது சாட்டிய குற்றம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாவும் வைத்திருந்ததே. இந்திய அரசு குறுக்கிட்டும் பலனில்லை. 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவசரகாலம் 1960ல் முடிந்தது. அதே ஆண்டில் ஆயுதச் சட்டம் வந்தது, 1971ல் தண்டனையைக் கூட்டும் இன்னொரு சட்டம் அதன்மேல் ஏறியது. தோட்டத்து மண்ணைக் கிளறும்போதோ வாய்க்கால் வெட்டும்போதோ பழைய தோட்டா கிடைத்தால், அதை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைப்பது நினைவுப் பொருள் சேகரிப்பாகாது. தொடாமல் விட்டுப் போலீசுக்குச் சொல்வதுதான் வழி. எண்பது ஆண்டு ஆனாலும் பிரைமரின் கலவை செத்துவிட்டது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மேசைக்குத் திரும்பினால், உதட்டை நீக்கி, கரியைத் துடைத்து, சரியான பிரைமரைச் சரியாக இறக்கியபின் அந்தக் கூடு பலமுறை வேலை செய்யும். ஒவ்வொரு வேட்டிலும் அடிப்பித்தளை ஒரு இழை விரிகிறது, திரும்ப முழுதாக ஒடுங்குவதில்லை. அழுத்தம் அதிகமான மருந்தளவு போட்டால் நான்கைந்து வேட்டிலேயே தெரியும். மிதமாகப் போட்டால் பத்து, பதினைந்து வரை போகும். ஒரு நாள் பிரைமர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். சுட்டபின் பார்த்தால் குழியைச் சுற்றிக் கரிய வாயுக்கசிவின் வளையம் படிந்திருக்கும். அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கி, வேறு எவரும் தெரியாமல் எடுத்து நிரப்பிவிடாதபடி, பித்தளை எடைக்குப் போடும் டப்பாவில் எறிந்துவிடுகிறார்கள்.